வங்கி அனுப்பிய திருத்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? மாறிய மாநில வணிகச் சட்டமும் உங்கள் கடைக் கடனும்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் கணவனும் மனைவியுமாக இந்திய மளிகைக் கடை நடத்துகிறீர்கள். கடை ஒரு எல்எல்சியின், அதாவது வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனத்தின், பெயரில் இருக்கிறது. அந்த எல்எல்சி டெலவேரில் பதிவானது. 2021 இல் வங்கிக் கடன் எடுத்தபோது கடையின் சொத்து முழுவதையும் ஈடாக எழுதிக் கொடுத்தீர்கள். தவணை தவறியதில்லை. இப்போது, “மாநில வணிகச் சட்டம் திருத்தப்பட்டிருப்பதால் இணைப்பிலுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்” என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கம்பெனி பெயரில் கொஞ்சம் பிட்காயினும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடிதம் நிஜமா போலியா என்று ஆரம்பித்தாலும், உங்கள் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. கையெழுத்தே போடாமல் சட்டம் உங்கள் தலையில் புதிதாக எதையாவது ஏற்றிவிட்டதா, போட்டால் இன்னும் என்ன ஏறும் என்பதுதான் அது. நான் பல வருடங்களாக இந்த ஊர் வங்கிகளுக்கும் கடன் வாங்குகிறவர்களுக்கும் கடன் பத்திரங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன். உங்கள் பத்திரத்தை நான் பார்க்கவில்லை, உங்கள் வக்கீலும் இல்லை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வங்கி என்ன நினைக்கிறது என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

சட்டம் மாறியதால் மட்டும் உங்கள் வட்டியோ, தவணையோ, கெடுவோ மாறாது. இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் ஒரே சொத்தின் மேல் இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடும்போது யார் முந்தி என்பதைப் பற்றியவை. உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் இருப்பதை மாற்றக்கூடியது நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதம்தான். அதனால் சட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காகிதத்தை வரிவரியாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் வியாபாரக் கடன், ஈடு, காசோலை, சரக்கு விற்பனை எல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. மாநிலத்துக்கு மாநிலம் தாறுமாறாக இருந்தால் வியாபாரம் நடக்காது என்பதால், 1892 இல் தொடங்கிய சீர்சட்ட ஆணையமும் அமெரிக்கச் சட்டக் கழகமும் சேர்ந்து ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதின. அதுதான் யூசிசி என்று எல்லோரும் சொல்லும் சீர் வணிகச் சட்டத் தொகுப்பு. 1952 இல் வெளியானது. 1953 இல் பென்சில்வேனியா முதலில் ஏற்றுக்கொண்டது. இவர்கள் எழுதுவது வெறும் மாதிரிதான். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியாக நிறைவேற்றினால்தான் அந்த மாநிலத்தில் செல்லும். அசையும் சொத்தை ஈடு வைத்து வாங்கும் கடன் ஒன்பதாம் பிரிவில் வருகிறது. அதை 1998 இல் முழுக்கத் திருப்பி எழுதினார்கள். அநேகமாக எல்லா மாநிலங்களிலும் 2001 ஜூலை 1 அன்று ஒரே நாளில் அமலுக்கு வந்தது. 2010 இல் செய்த சிறு திருத்தங்கள் பெரும்பாலான இடங்களில் 2013 ஜூலையில் வந்தன. இப்போது பேசப்படுவது 2022 திருத்தங்கள். இவற்றைப் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் நிறைவேற்றிவிட்டன. டெலவேர் 2023 லேயே நிறைவேற்றியது.

டெலவேரைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. கடை நியூஜெர்சியில் இருந்தாலும், பதிவு பெற்ற நிறுவனம் எந்த மாநிலத்தில் பதிவானதோ அங்கேதான் ‘இருக்கிறது’ என்று ஒன்பதாம் பிரிவு கணக்கு வைக்கிறது. எனவே உங்கள் எல்எல்சி மேல் வங்கி செய்யும் ஈட்டுப் பதிவு டெலவேர் அரசின் பதிவேட்டில் இருக்கும். நியூஜெர்சியில் தேடினால் ஒன்றும் வராது. ‘நம்ம மேல ஒண்ணும் இல்ல’ என்று நிம்மதியடைந்து, கடையை விற்கப் போகும்போது விழித்துக்கொண்டவர்கள் நிறைய. அதே சமயம் கடையில் அடுக்கியிருக்கும் சரக்கின் மேல் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால், யாருக்கு முன்னுரிமை என்பதைச் சரக்கு இருக்கும் மாநிலமான நியூஜெர்சியின் சட்டம்தான் முடிவு செய்யும். ஒரே கடனுக்கு இரண்டு மாநிலச் சட்டங்கள் என்பது இங்கே சாதாரணம்.

அடுத்து, ஈடு எப்படி உண்டாகிறது என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. காகிதங்கள் இரண்டு. ஒன்று நீங்கள் கையெழுத்திட்ட ஈட்டு ஒப்பந்தம். எந்தெந்தச் சொத்து, எந்தக் கடனுக்கு ஈடு என்று அதில் இருக்கும். உரிமை பிறப்பது அதிலிருந்துதான். இரண்டாவது யூசிசி-1 படிவம். கடன்தாரர் பெயர், கடன் கொடுத்தவர் பெயர், ஈட்டின் விவரம், அவ்வளவுதான் அதில் இருக்கும். அதை அரசுப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். நம் ஊரில் நிலம் வாங்குவதற்கு முன்னால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம் இல்லையா, அசையும் சொத்துக்கு அந்த வேலையைச் செய்வது இந்தப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் தேடலாம். கடன் தொகையோ வட்டியோ அதில் தெரியாது.

இந்த இரண்டு காகிதத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. யூசிசி-1 இல் ‘கடன்தாரரின் சொத்து அனைத்தும்’ என்று ஒரே வரியில் எழுதினால் போதும், செல்லும். ஈட்டு ஒப்பந்தத்தில் அப்படி எழுதினால் செல்லாது. சரக்கு, தளவாடம், வரவேண்டிய பாக்கி, வங்கிக் கணக்கு, இதர அருவச் சொத்து (கையால் தொட முடியாத மற்ற சொத்து) என்று வகைவகையாகச் சொல்ல வேண்டும். அதனால் ‘என் சொத்தெல்லாம் வங்கிக்கு’ என்று நீங்கள் சொல்வது பதிவேட்டைப் பார்த்தா, ஒப்பந்தத்தைப் பார்த்தா என்று சரிபாருங்கள். கணக்குத் தீர்ப்பது ஒப்பந்தம்தான்.

இன்னொரு விஷயம் காலக்கெடு. யூசிசி-1 பதிவுக்கு ஆயுள் ஐந்து வருடம். முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வங்கி நீட்டிப்பு போட வேண்டும். அதற்கு முன்பே போட்டாலும் செல்லாது. உங்கள் கடன் 2021 என்றால் கெடு 2026 இல் வருகிறது. அந்தச் சமயத்தில் வங்கி பழைய கோப்புகளை எடுத்துப் பார்க்கும். உங்களுக்குக் கடிதம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான். ஊகம் இல்லாதது இது: நீட்டிப்புக்கு உங்கள் கையெழுத்தே தேவையில்லை. ஈட்டில் புதிதாக ஒரு சொத்தைச் சேர்க்க வேண்டுமானால்தான் உங்கள் சம்மதம் வேண்டும். கையெழுத்துக் கேட்டு வந்திருப்பதாலேயே, அந்தக் காகிதத்தில் நீட்டிப்பைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, 2022 திருத்தங்கள் எதை மாற்றின? பெரிய மாற்றம், பன்னிரண்டாம் பிரிவு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தது. பிட்காயின் போன்றவற்றுக்காக எழுதப்பட்டது இது. ஒருவர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடிய மின்பதிவுகள் என்று சட்டம் அவற்றை அழைக்கிறது. இது ஏன் தேவைப்பட்டது என்பது உங்கள் கடையை வைத்தே விளங்கும். கடையில் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டை வாங்குகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அதன்மேல் வங்கிக்கு இருந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. வழக்கமான வியாபாரத்தில் வாங்குகிறவரைச் சட்டம் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் ஈடு வைத்த கடையில் யாரும் எதையும் வாங்க முடியாது. பிட்காயினுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. பழைய சட்டத்தில் அது ‘இதர அருவச் சொத்து’ என்ற பொதுப் பெட்டிக்குள் விழுந்தது. ஒரு வங்கி பதிவேட்டில் யூசிசி-1 போட்டிருந்தால், அந்த பிட்காயின் எத்தனை கை மாறினாலும், ஏதும் அறியாமல் காசு கொடுத்து வாங்கியவரிடம் போய் நின்று வங்கி உரிமை கோர வாய்ப்பிருந்தது. பெயர் தெரியாதவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் கைமாற்றிக்கொள்ளும் ஒன்றுக்கு இது ஒத்துவராது.

புதிய பிரிவு இதைச் சரிசெய்தது. மதிப்புக் கொடுத்து, நல்லெண்ணத்தோடு, வேறு யாருடைய உரிமையும் தெரியாமல், கட்டுப்பாட்டைப் பெற்றவர் யாரோ அவருக்குச் சொத்து வில்லங்கமில்லாமல் போய்ச் சேரும். பதிவேட்டில் யூசிசி-1 இருந்தது என்பதால் மட்டும் ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று அவரைக் கேட்க முடியாது. கட்டுப்பாடு என்றால் மூன்று விஷயம்: அந்தப் பதிவின் பலன் கிட்டத்தட்ட முழுவதையும் அனுபவிக்கும் சக்தி, மற்றவர்கள் அப்படி அனுபவிப்பதைத் தடுக்கவும் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் தனி அதிகாரம், அந்த அதிகாரம் தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்ட முடிவது. நடைமுறையில் பெரும்பாலும் இது ரகசியச் சாவியை, அதாவது பிட்காயினை மாற்றிக் கொடுக்கத் தேவையான ரகசியக் குறியீட்டை, கையில் வைத்திருப்பது. நேரடியாக வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டுப்பாட்டை வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர், ‘இதை நான் இன்னாருக்காக வைத்திருக்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டாலும் போதும்.

இங்கேதான் வங்கியின் அவசரம் புரியும். கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் கடன் கொடுத்தவர், வெறும் பதிவு மட்டும் வைத்திருப்பவரை முந்திவிடுவார், பதிவு முந்தைய தேதியாக இருந்தாலும். உங்கள் பிட்காயினை நாளைக்கு வேறொருவரிடம் கட்டுப்பாட்டோடு ஈடு வைத்துவிட்டால், 2021 இலிருந்து வரிசையில் நிற்கும் உங்கள் வங்கி பின்னால் தள்ளப்படும். இதற்காக வங்கிகள் பழைய ஒப்பந்தங்களில் புது வகைப் பெயர்களைச் சேர்த்து, கட்டுப்பாட்டைக் கொடுக்க வேண்டும் என்ற வாசகத்தையும் கோக்கின்றன. பழைய முன்னுரிமைகள் ஒரே நாளில் கவிழ்ந்துவிடாமல் இருக்க இடைக்காலம் ஒன்றும் வைத்தார்கள். மாதிரிச் சட்டத்தில் அது 2025 ஜூலை 1 வரை, அல்லது அந்த மாநிலத்தில் திருத்தம் அமலுக்கு வந்து ஒரு வருடம் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. தேதியைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்ட மாநிலங்களும் உண்டு.

உங்கள் பிட்காயின் ஏற்கனவே ஈட்டில் இருக்கிறதா? 2021 ஒப்பந்தத்தில் ‘இதர அருவச் சொத்து’ வகை இருந்து, ‘இப்போது உள்ளதும் இனி வரப்போவதும்’ என்ற சொற்களும் இருந்தால், கம்பெனி வாங்கிய பிட்காயின் வாங்கிய அன்றே ஈட்டுக்குள் வந்துவிட்டது. புதிய சட்டத்திலும் இந்த மின்பதிவுகள் அதே பெட்டியின் ஒரு பகுதியாகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே திருத்த ஒப்பந்தம் அந்தப் புதுப் பெயர்களைச் சேர்ப்பதோடு நின்றால், நீங்கள் புதிதாக இழப்பது எதுவும் இல்லை. சாவியைக் கொடு, கணக்கை வங்கி சொல்லும் பாதுகாப்பகத்துக்கு மாற்று, வங்கியின் அனுமதியில்லாமல் விற்காதே என்று போனால் அது நிஜமான மாற்றம். அதற்கு நீங்கள் பேரம் பேசலாம், பேச வேண்டும்.

பிட்காயின் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நன்றாகப் பாருங்கள். கம்பெனிக் காசில் வாங்கி உங்கள் கணவரின் சொந்தக் கணக்கில் வைத்திருந்தால் கதை சிக்கலாகும். உங்கள் சொந்தக் காசில் வாங்கியது என்றால், எல்எல்சி எழுதிக் கொடுத்த ஈடு அதைத் தொடாது. நீங்கள் இருவரும் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருப்பீர்கள், அது வேறு சங்கதி. ஜாமீன் கொடுத்ததால் மட்டும் உங்கள் சொந்தச் சொத்து ஈடாகிவிடாது. அப்புறம், எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் வாங்கி விற்கும் இணையச் சந்தையில்) வைத்திருப்பதற்கும் உங்கள் கைச்சாவியில் வைத்திருப்பதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் இருந்தால் கட்டுப்பாடு அவர்களிடம். உங்களிடம் இருப்பது அவர்கள் மேல் ஒரு உரிமை. அது எந்த வகை உரிமை என்பதை நீங்கள் ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டுப் போன அவர்களுடைய ஒப்பந்தம்தான் சொல்லும்.

இது வரை சொன்னதில் சட்டத்தின் எழுத்து தெளிவாக இருக்கிறது. தெளிவில்லாத இடங்களும் உண்டு. பன்னிரண்டாம் பிரிவு புதுசு; அதை உரசிப் பார்த்த நீதிமன்றத் தீர்ப்புகள் மிகச் சொற்பம். கடன் தவறினால் வங்கி ஈட்டை விற்கலாம், ஆனால் விற்கும் முறையின் ஒவ்வொரு அம்சமும் வணிக ரீதியில் நியாயமாக இருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிப்புத் தர வேண்டும் என்பது பழைய, உறுதியான விதி. வியாபாரக் கடனில் பத்து நாள் அறிவிப்பு போதுமானது என்று சட்டமே சொல்கிறது. சீக்கிரம் மதிப்புக் குறையும் சொத்துக்கும், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் விற்பனையாகும் சொத்துக்கும் அறிவிப்பே வேண்டாம் என்ற விலக்கும் இருக்கிறது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அப்படி ‘அங்கீகரிக்கப்பட்ட சந்தை’யா? ஆம் என்றும் வாதாடலாம், இல்லை என்றும் வாதாடலாம். ஆகவே உங்கள் பத்திரத்தில் ‘அறிவிப்பின்றி விற்கலாம்’ என்ற வரி இருந்தால் அதை அடித்து, குறைந்தது சில நாள் அவகாசம் எழுதிக் கேளுங்கள்.

இந்தத் திருத்தங்களைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றும் ஒரு பயத்தையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: ‘அரசாங்கம் டிஜிட்டல் பணத்தைக் கொண்டுவந்து நம் கணக்கைக் கட்டுப்படுத்தப் போகிறது, அதற்குத்தான் இந்தச் சட்டம்.’ 2023 மார்ச்சில் தெற்கு டகோட்டா ஆளுநர் கிறிஸ்டி நோயம் இதே காரணம் சொல்லி மசோதாவைத் தடுத்து நிறுத்தினார். அதே வருடம் புளோரிடா, மத்திய வங்கி டிஜிட்டல் நாணயம் தன் மாநில வணிகச் சட்டத்தில் ‘பணம்’ ஆகாது என்று தனியாகச் சட்டம் போட்டது. சர்ச்சையின் வேர் ‘பணம்’ என்பதற்கான வரையறையைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் எல் சால்வடார் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் நாணயமாக்கியதும், பழைய வரையறைப்படி பிட்காயின் இங்கே ‘பணம்’ ஆகிவிடுமோ என்ற குழப்பம் வந்தது. அதைத் தீர்க்க, ஒரு நாடு ஏற்றுக்கொள்வதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த மின்நாணயம் பணம் ஆகாது என்று எழுதினார்கள். டிஜிட்டல் டாலரை உருவாக்கும் அதிகாரம் எந்த மாநில வணிகச் சட்டத்துக்கும் கிடையாது, இந்தத் திருத்தம் அதைக் கொடுக்கவும் இல்லை. அந்தப் பயத்தால் சில மாநிலங்கள் தாமதித்ததில் நஷ்டப்பட்டது, எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியாமல் கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும்தான் என்பது என் கருத்து.

திருத்தத்தில் மற்றவையும் இருக்கின்றன: சரக்கும் சேவையும் கலந்த ஒப்பந்தங்கள், மின்வடிவிலான தவணைப் பத்திரங்கள், கையொப்பம் என்றால் மின்கையொப்பமும் சேர்த்தி என்று தெளிவாக்கியது. மளிகைக் கடைக்கு இவற்றால் பெரிய பாதிப்பு இல்லை.

பதிவேட்டில் பெயர் எப்படி ஏறுகிறது என்பது, திருத்தத்தோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும், நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. எல்எல்சி என்றால் அரசிடம் பதிவான பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். கடைப் பலகையில் உள்ள பெயர் செல்லாது. எல்எல்சி இல்லாமல் சொந்தப் பெயரில் கடை நடத்துகிறவர்களுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயர்தான் கணக்கு. நம் பெயர்களின் பாடு உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் ஆகியிருக்கும். சிலருக்கு இனிஷியல் விரிந்திருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். வங்கி ஒரு மாதிரி பதிந்து, உரிமத்தில் வேறு மாதிரி இருந்து, சரியான பெயரில் தேடும்போது அந்தப் பதிவு கிடைக்காவிட்டால், அந்தப் பதிவே செல்லாது. நஷ்டம் வங்கிக்கு என்றாலும், அலைச்சல் உங்களுக்கு: இன்னொரு கடன் கேட்கப் போனால், அதே பெயருள்ள யாரோ ஒருவரின் வில்லங்கமெல்லாம் உங்கள் தேடலில் வந்து நிற்கும். நான் ஒருமுறை ஒரு பெட்ரோல் பங்க் விற்பனைக்காகத் தேடியபோது, உரிமையாளரின் பெயரிலும் அவர் அப்பாவின் பெயரிலும் முன்பின்னாக மாற்றிப் போட்டு ஒரே கடனுக்கு மூன்று பதிவுகள் கிடந்தன. மூன்றையும் ரத்து செய்த பிறகுதான் வாங்குகிறவரின் வங்கி பணத்தை விடுவித்தது. ஆகவே தேடும்போது எல்லா விதமாகவும் எழுதித் தேடுங்கள்.

கடனைக் கட்டி முடித்தாலும் பதிவு தானாகப் போய்விடாது. நீங்கள் கையொப்பமிட்டுக் கேட்ட 20 நாளுக்குள் வங்கி ரத்துப் படிவம் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் உண்மையான நஷ்டத்தோடு 500 டாலர் கோரலாம். கேட்காமல் காத்திருந்தால் பல வங்கிகள் சும்மாதான் இருக்கும். அந்த ரத்துப் படிவத்தின் வலிமைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கதையைச் சொல்வார்கள். 2008 இல் சுமார் 30 கோடி டாலர் குத்தகைக் கடன் ஒன்றை அடைத்தபோது, அதற்கான ரத்துப் படிவங்களோடு, சம்பந்தமே இல்லாத 150 கோடி டாலர் கடனின் ரத்துப் படிவமும் தவறுதலாகச் சேர்ந்து டெலவேரில் பதிவாகிவிட்டது. கடன் கொடுத்தவர்களுக்காகப் பொறுப்பேற்றிருந்தது ஜேபி மோர்கன் வங்கி. எத்தனையோ பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. 2009 இல் கம்பெனி திவாலானதும் விஷயம் வெடித்தது. ரத்துச் செய்யும் நோக்கம் இருந்ததா என்பது முக்கியமில்லை, அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய ஒப்புதல் கொடுத்ததே போதும் என்று டெலவேர் உச்ச நீதிமன்றம் 2014 இல் சொன்னது. 2015 இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்து செல்லும் என்றது. இந்தத் துறையில் காகிதத்தின் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

நம் கடைக்காரர்களைப் பார்த்து நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ‘கடன் இல்லை, உங்கள் வருங்கால வசூலை வாங்கிக்கொள்கிறோம்’ என்று சொல்லி, தினமும் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையை உருவிக்கொள்ளும் கம்பெனிகள். விற்பனை என்று பெயர் வைத்தாலும், வரவேண்டிய பாக்கியை விற்பதும் ஒன்பதாம் பிரிவுக்குள்தான் வருகிறது. அவர்களும் யூசிசி-1 போடுவார்கள், பல சமயம் தங்கள் பெயரை மறைத்து ஒரு பிரதிநிதி நிறுவனத்தின் பெயரில். ஒரு நாள் வசூல் குறைந்து பணம் எடுக்க முடியாமல் போனால், உங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களுக்குக் கடிதம் போகும்: ‘இனி எங்களுக்குக் கட்டுங்கள்.’ அந்த அறிவிப்பு முறைப்படி கிடைத்த பிறகு அவர்கள் உங்களுக்குக் கட்டினால் அவர்களுடைய பாக்கி தீராது. அதனால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். கார்டு வசூல் நின்றால் ஒரு மளிகைக் கடை எத்தனை நாள் தாங்கும்? மேலும், இப்படி இரண்டாவது ஈடு கொடுப்பதே உங்கள் வங்கி ஒப்பந்தத்தை மீறியதாக இருக்கும். உங்களுக்கு இது இல்லை என்று நம்புகிறேன். இருந்தால் வங்கிக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் வக்கீலிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இனி அந்தக் கடிதம். முதலில், கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். பழைய ஸ்டேட்மெண்டில் உள்ள எண்ணில், உங்கள் கடன் அதிகாரியைப் பிடித்து, இப்படி ஒன்று அனுப்பினீர்களா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால், பழைய ஒப்பந்தத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கோடிட்டுக் காட்டிய பிரதியை மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையான வங்கி தயங்காமல் தரும்.

அது கையில் வந்ததும், ஈட்டு விவரத்தைப் பார்த்த பிறகு வேறு சில வரிகளைத் தேடுங்கள். வங்கியில் உள்ள வேறு எந்தக் கடனுக்கும் இதே ஈடு பொருந்தும் என்ற வரி இருக்கிறதா? கிரெடிட் கார்டு பாக்கிகூட அதில் வந்துவிடலாம். ஜாமீன்தாரர்கள் மறுபடி உறுதி செய்கிறார்கள் என்று உங்கள் இருவர் சொந்தப் பெயரிலும் கையெழுத்து இடம் விட்டிருக்கிறதா? பிறகு, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வழக்கமாக ஒளிந்திருக்கும் ஒன்று: ‘இன்று வரை வங்கியின் மேல் எங்களுக்கு இருக்கக்கூடிய எல்லா வழக்குரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறோம்.’ மாநிலச் சட்டம் மாறியதற்கும் இந்த வரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. திருத்தப் பத்திரம் அச்சடிக்கும்போதெல்லாம் பல வங்கிகள் இதைப் பழக்கத்தில் சேர்த்துவிடுகின்றன. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால், தவணை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் 2021 ஒப்பந்தத்திலேயே பதில் இருக்கும். ‘வங்கி தன் உரிமையைக் காத்துக்கொள்ளக் கேட்கும் கூடுதல் பத்திரங்களில் கடன்தாரர் கையெழுத்திடுவார்’ என்ற வாசகம் அநேகமாக எல்லா ஈட்டு ஒப்பந்தங்களிலும் உண்டு. அதன்படி, இருக்கிற ஈட்டைப் புதுச் சட்டத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் பகுதிக்கு நீங்கள் மறுப்புச் சொல்வது கஷ்டம். புதிய ஈடு, புதிய ஜாமீன், வழக்குரிமை விடுவிப்பு ஆகியவற்றுக்கு அந்த வாசகம் நீளாது என்று நான் சொல்வேன். ஆனால் உங்கள் வாசகத்தின் அகலத்தைப் பார்த்துத்தான் ஒரு வக்கீல் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அவரிடம் போகும்போது 2021 ஈட்டு ஒப்பந்தம், ஜாமீன் பத்திரம், டெலவேர் பதிவேட்டில் உங்கள் எல்எல்சி பெயரில் எடுத்த தேடல் நகல், பிட்காயின் யார் பெயரில் எங்கே இருக்கிறது என்ற விவரம், இந்த நான்கையும் கொண்டுபோங்கள். நியூஜெர்சியில் வியாபாரக் கடன் பார்க்கும் வக்கீலாக இருக்கட்டும். வீடு வாங்கும்போது கையெழுத்து வாங்கியவரே இதற்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.